ஏலத்தில் போடும் முன் பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

கேள்வி: வீட்டை ஒழுங்கு செய்தபோது ஒரு பழைய ஃபிலிம் கேமராவும் தாத்தா வைத்திருந்த தந்தப் பெட்டியும் கிடைத்தன. பெரிய பிராண்டு பெயர் போட்ட கைக்கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. அது அசல் இல்லை என்று எனக்கே தெரியும். ‘டூப்ளிகேட்’ என்று வெளிப்படையாக எழுதித்தான் ஆன்லைன் ஏலத்தில் போட்டேன். மறுநாளே நீக்கிவிட்டார்கள். மொத்த விலையில் பவர் பேங்க் வாங்கி விற்கும் யோசனையும் இருக்கிறது. எதை விற்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: உங்கள் மனசை உறுத்துவது கடிகாரம்தான் என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். உண்மையைத்தானே சொன்னோம், பிறகு ஏன் நீக்கினார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே வாங்குபவர் ஏமாறுகிறாரா என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தப் பெயரும் முத்திரையும் இன்னொருவரின் சொத்து. அனுமதியில்லாமல் அதைப் பொறித்த பொருளை ‘போலி’ என்று சொல்லி விற்றாலும் அது போலிதான். ஈபே போன்ற தளங்களில், பிராண்டு உரிமையாளர்கள் நேரடியாகப் புகார் கொடுத்துப் பட்டியலை எடுக்க வைக்க தனி ஏற்பாடே உண்டு. தயவுசெய்து அதே கடிகாரத்தை வேறு தலைப்பில் மறுபடி போடாதீர்கள். முதல் தடவை நீக்குவதோடு விடுவார்கள். மறுபடி போட்டால் விதியை மீறும் ஆள் என்று கணக்கையே முடக்கலாம். அப்புறம் கேமராவையும் விற்க முடியாது. இன்னொன்று, பெயர் பொறிக்காத சாதாரணக் கடிகாரத்துக்குக்கூட ‘ரோலெக்ஸ் மாதிரி’ என்று தலைப்பு வைக்கக் கூடாது. தேடுபவரை இழுக்கப் பிறர் பிராண்டைப் பயன்படுத்துவதும் விதிமீறலே.

அடுத்து பெட்டி. ஆப்பிரிக்க, ஆசிய யானைகளின் தந்தம் நாடு விட்டு நாடு போவதை, 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. ஈபே 2009-ன் தொடக்கத்திலிருந்தே தந்த விற்பனையைத் தடை செய்திருக்கிறது. ‘தாத்தா காலத்துப் பொருள்’ என்று எழுதுவதால் முழுத் தந்தப் பெட்டிக்கு வழி பிறக்காது. அது உண்மையில் தந்தம்தானா என்று முதலில் பாருங்கள். வெளிச்சத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து, குறுக்கே வெட்டிய பக்கத்தைப் பார்த்தால் யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். எலும்பு என்றால் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, விற்காதீர்கள். ‘எலும்பாக இருக்கலாம்’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பது தளத்தோடு நிற்காது, சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடலாம். நினைவுப் பொருளாக வீட்டிலேயே இருக்கட்டும்.

பவர் பேங்க் விஷயத்தில், விற்பதைவிட அனுப்புவதுதான் தலைவலி. விமானப் போக்குவரத்து விதிகள் அதைச் சாதனமாகப் பார்ப்பதில்லை, தனி லித்தியம் பேட்டரியாகவே பார்க்கின்றன. தனியாகப் பொதிந்த லித்தியம்-அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்ற விதி 2016 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. எனவே தளம் அனுமதித்தாலும் கூரியர் மறுக்கலாம். சரக்கு வாங்கிக் குவித்த பிறகு இது தெரிந்தால் பணம் முடங்கிவிடும். எந்தப் பொருளானாலும் தளத்தின் தடைப் பட்டியல், அனுப்பும் நிறுவனத்தின் தடைப் பட்டியல், வாங்குபவர் நாட்டின் இறக்குமதி விதி, மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். தவிரவும், ஒரே மாதிரியான நூறு பொருளுக்கு ஏலம் ஏற்ற வழியே இல்லை. எல்லோருக்கும் விலை தெரிந்த சரக்குக்கு நிலையான விலைதான் சரி.

சரி, கேமரா. நான் கையில் எடுக்கச் சொல்வது இதைத்தான். சொந்தப் பொருள், தடை இல்லாதது, சரியான விலை யாருக்கும் தெரியாது, ஆனால் தேடி அலைகிறவர்கள் உண்டு. ஏலம் என்பதே இப்படிப்பட்ட பொருளுக்கானது. வேலை செய்யாவிட்டாலும் கவலை வேண்டாம். ஈபே 1995-ல் தொடங்கியபோது அதில் முதலில் விற்றது ஒரு பழுதடைந்த லேசர் பாயின்டர். பழுது என்று தெரிந்தே ஒருவர் 14.83 டாலருக்கு வாங்கினார். பழுதைச் சொல்வதில் நஷ்டமில்லை, மறைத்தால்தான் பொருள் திரும்பி வரும்.

எனவே சோதித்து, பார்த்ததை அப்படியே எழுதுங்கள். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி தெரியும். பின்மூடி ஓரத்தில் உள்ள கறுப்பு நுரைப்பட்டை பிசுபிசுத்து உதிர்ந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஷட்டரை ஒரு நொடி வேகத்தில் வைத்து அழுத்தி, நடுவில் சிக்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பேட்டரி அறையில் பச்சைப் படிவு இருந்தால் அதற்குத் தனிப் படம் போடுங்கள். அந்தக் காலத்துச் சில கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியில் இயங்கியவை. உள்ளே அப்படி ஒன்று கிடந்தால் எடுத்துவிடுங்கள், பார்சலில் போகக் கூடாது. படங்கள் எல்லாம் நீங்களே எடுத்தவையாக இருக்கட்டும். பிறர் படத்தை எடுத்துப் போட்டால் அதுவும் பட்டியலை நீக்கக் காரணமாகும்.

தொடக்க விலையில் கவனம் வேண்டும். ஒருவர் 100 வரை தரத் தயார், அடுத்தவர் 60 வரை என்றால், விலை 60-ஐச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால் தொடக்க விலைக்கே போய்விடும். ஆகவே இதே மாடல் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று, முடிந்த ஏலங்களில் தேடிப் பாருங்கள். கேட்கும் விலையை நம்பாதீர்கள். இதற்குக் கீழே கொடுக்க மனசு வராது என்ற தொகையையே தொடக்கமாக வையுங்கள். விலையை ஏற்ற உறவினரை விட்டு ஏலம் கேட்க வைப்பது மட்டும் வேண்டாம். தளங்கள் தடை செய்தது ஒருபுறம், சில நாடுகளில் அது குற்றமும்கூட. பிரிட்டனில் 2010-ல், தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில் விலை கேட்ட விற்பனையாளர் ஒருவரை நீதிமன்றம் தண்டித்தது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பின்மூடியைத் திறக்கும் முன், இடது மேல்மூலையில் உள்ள ஃபிலிம் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. அதை முழுதாகச் சுற்றி எடுத்து, கழுவக் கொடுத்துவிட்டு, அப்புறம் கேமராவை ஏலத்தில் போடுங்கள்.