நாலாம் விரலுக்குப் பலம் ஏற்றப் பார்க்காதீர்கள்

கேள்வி: "இரண்டு வருடமாகப் பியானோ பழகுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் ஹேனான் புத்தகத்தின் விரல் பயிற்சிகள் வாசிக்கிறேன். அப்படியும் நாலாவது, ஐந்தாவது விரல்கள் தடுமாறுகின்றன. வேகம் கூட்டினால் முன்கை இறுகி வலிக்கிறது. விரல்களைப் பலப்படுத்த வேறு என்ன பயிற்சி செய்யலாம்?"

பியானோவில் கட்டைவிரலை ஒன்று என்று தொடங்கி எண்ணுவார்கள்; நாலாவது மோதிரவிரல், ஐந்தாவது சுண்டுவிரல். அவற்றைப் பலப்படுத்த எதுவும் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். இப்போது இருக்கிற பலமே தாராளம். உங்களிடம் குறைவது வேறு: வாசிக்கிற விரலுக்குப் பின்னால் கை வந்து நிற்பதில்லை.

கணக்குப் பார்த்தாலே இது புரியும். பியானோவில் ஒரு கீ மெதுவாக இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். அது இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். கீ அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே உள்ளே சுத்தியல் விடுபட்டு, தன் வேகத்தில் போய்க் கம்பியை அடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஒலி மாறப் போவதில்லை. முன்கை இறுகுகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் நோட் ஒலித்த பிறகும் கீயின் அடியை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த இறுக்கத்தை விடாமலே அடுத்த விரலைத் தூக்குவார்கள். வலி வராமல் என்ன செய்யும்?

நாலாம் விரல் சமாசாரத்துக்கு வருவோம். உள்ளங்கையை மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். அசையவே அசையாது. விரல்களைத் தூக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் நாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று குறுக்கே இணைந்திருக்கின்றன. மோதிரவிரலின் நாண் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டது. இது உடலின் அமைப்பு, எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் அவிழாது. ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் இளவயதில் விரலுக்கென ஒரு கருவியை மாட்டிப் பழகியதும், வலது கை கெட்டுப்போய்ப் பியானோ கலைஞராகும் ஆசையைக் கைவிட்டதும் தெரிந்த கதை. கை கெட்டதற்குக் கருவிதான் காரணமா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. எப்படியிருந்தாலும் அந்த வழி வேண்டாம்.

பியானோ மேதையும் இசையமைப்பாளருமான சோப்பான் இதற்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தார். எல்லா விரலுக்கும் சம பலம் தேடுவது இயற்கைக்கு விரோதம், ஒவ்வொரு விரலும் அதன் அமைப்புக்கேற்ற நாதத்தைத் தரட்டும் என்பது அவர் கருத்து. மாணவர்களின் வலது கையை அவர் முதலில் வைக்கச் சொன்னது ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய ஐந்து கீகளில். நீளமான மூன்று விரல்கள் கறுப்புக் கீகளில், குட்டையான இரண்டும் வெள்ளையில். கை தானாகவே வளைந்து அமரும். வெள்ளைக் கீகள் மட்டுமே வரும் சி மேஜர் ஸ்கேலை (ஸ்வர வரிசையை) கடைசியில்தான் சொல்லிக்கொடுத்தார். எளிது என்று நாம் முதலில் எடுத்துக்கொள்வது, வாசிக்கக் கண்ணுக்குத்தான் எளிது. கைக்கு அதுதான் கஷ்டம்.

நீங்களும் அந்த ஐந்து கீகளிலிருந்தே தொடங்குங்கள். இடது கைக்கு, சுண்டுவிரல் எஃப், அடுத்து ஜி பிளாட், ஏ பிளாட், பி பிளாட், கட்டைவிரல் சி. அதற்கு முன் உட்காரும் உயரத்தைச் சரிபாருங்கள். முழங்கை கீகளின் மட்டத்திலோ ஒரு இழை மேலேயோ இருக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் கீழே சொல்லும் எதுவும் சரியாக வராது.

முதலில் ஒரு விரலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவிரலே ஆகட்டும். முன்கையைக் கொஞ்சம் உயர்த்தி, தளர்த்தி, அந்த விரல்மேல் இறங்கவிடுங்கள். ஒலி வந்த கணமே, கீயைத் தாங்க எவ்வளவு தேவையோ அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுங்கள். விட்டீர்களா என்று தெரிய, கீயைப் பிடித்தபடியே மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைய மறுத்தால் இன்னும் விடவில்லை. இந்த விடுகிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை.

அடுத்து ஐந்து விரலுக்கும் போங்கள். நாலாம் விரல் வாசிக்கும்போது முன்கை துளி வெளிப்பக்கமாக நகர்ந்து அந்த விரலுக்கு நேர் பின்னால் வர வேண்டும். ஐந்தாவதுக்கு இன்னும் துளி. கட்டைவிரலுக்குத் திரும்பும்போது கையும் திரும்பி வரும். முழங்கைதான் இதை நடத்த வேண்டும். கையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சுண்டுவிரல் பக்கமாக ஒடித்து வளைத்தால் புது வலி வந்து சேரும். அசைவு முதலில் பெரிதாக, பார்ப்பவர் சிரிக்கிற அளவுக்கு இருக்கட்டும். வேகம் ஏற ஏற அது தானே சுருங்கி, வெளியில் தெரியாமல் போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே நான் மதிக்கிறது முன்கையின் சுழற்சியை. கதவுக் குமிழைத் திருப்பும்போது முன்கை எலும்புகள் இரண்டில் ஒன்று மற்றதைச் சுற்றி உருளும் அல்லவா, அதே அசைவு. ஒன்றாம் விரலும் ஐந்தாம் விரலும் மாறி மாறி வாசியுங்கள், விரல்களைத் தூக்காமல், கையை உருட்டி மட்டும். பிறகு 1-4, 2-4, 3-5, கடைசியில் 4-5. இடைவெளி குறையக் குறையச் சுழற்சியும் குறையும், ஆனால் நின்றுவிடக் கூடாது. நான்கும் ஐந்தும் சேர்ந்த டிரில்லில் (இரண்டு நோட்டை வேகமாக மாறி மாறி வாசிப்பதில்) திணறுகிறவர்களுக்கு இதுபோல உடனே பலன் தருவதை நான் பார்த்ததில்லை. தனியாகத் தூக்க முடியாத விரலைக் கை சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

ஸ்கேலில் சிக்கல் கட்டைவிரலால் வருவது. அதை உள்ளங்கைக்கு அடியில் மடக்கி நுழைப்பதையே நினைத்துக்கொண்டிருந்தால் முழங்கை விறைக்கும், ஒலியில் ஒரு முட்டு விழும். பி மேஜரில் கறுப்புக் கீகள் இரண்டு, மூன்று எனக் கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்தை ஒரே கொத்தாக அழுத்துங்கள், பிறகு கட்டைவிரல் விழும் வெள்ளைக் கீ, அடுத்து அடுத்த கொத்து. கை முழுவதும் பக்கவாட்டில் நகர்வது அப்போது பிடிபடும். அப்புறம் கொத்தைப் பிரித்துத் தனித்தனி நோட்டாக வாசித்தாலும் கை அதே பாதையில் போகும். ஆர்பெஜியோவுக்கும் (கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பதற்கும்) இதே வழிதான், தாவும் தூரம் மட்டும் பெரிது.

சரி, ஹேனானைத் தூக்கி எறிவதா? தேவையில்லை. 1873-ல் வந்த அந்தப் புத்தகம் விரல்களை உயரத் தூக்கச் சொல்கிறது. உங்கள் முன்கை வலியில் அந்த ஒரு வரிக்குப் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன். முதல் இரண்டு மூன்று பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, விரல் கீயை விட்டுப் பிரியாமல், மெல்லிய ஒலியில், மேலே சொன்ன கை அசைவோடு வாசியுங்கள். சி மேஜரிலேயே நிற்காமல் வேறு ஸ்கேல்களுக்கு மாற்றுங்கள். 10 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் வாசிக்கும்போது கவனம் எங்கோ போய்விடும், கை மட்டும் தவறான பழக்கத்தை ஊறவைத்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் பழகுவது எடையில்லாத கீகள் கொண்ட கீபோர்டு என்றால் சுழற்சியைப் பழகலாம், கை எடையை இறக்கும் பயிற்சி அதில் சரியாகப் பிடிபடாது. அதற்கு அசல் பியானோபோலக் கனமாக இறங்கும் வெயிட்டட் கீகள் வேண்டும்.

வலி தெரிந்த உடனே நிறுத்துங்கள். தாங்கிக்கொண்டு வாசிப்பது பயிற்சி ஆகாது. விரல் மரத்துப் போவது, கூச்சம், இரவிலும் வலிப்பது என்று ஏதாவது இருந்தால் பியானோவை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மீதி நேரத்தை நீங்கள் வாசிக்கும் இசைக்கே கொடுங்கள். தடுமாறும் இரண்டு பாரை (தாளக் கட்டத்தை) எடுத்து, ஒவ்வொரு நோட்டிலும் கை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் உருளுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு மெதுவாக வாசியுங்கள். மெதுவாக வாசிக்கும்போதும் வேகத்தில் தேவைப்படும் அதே அசைவுதான் இருக்க வேண்டும். மெதுவில் விரலால் மட்டும் வாசித்துவிட்டு, வேகத்தில் கையைச் சேர்க்கலாம் என்றால், மெட்ரோனோமின் (தாளம் தட்டும் கருவியின்) வேகத்தை ஏற்றும்போது பழையபடி இறுகும்.