மானிட்டரே இல்லாத சர்வர்ல டெஸ்க்டாப் வருமா?

கேள்வி: லினக்ஸ் சர்வர் ஒண்ணு வெச்சிருக்கேன், வெறும் கறுப்பு ஸ்கிரீன் கமாண்ட் லைன்தான். தூரத்துல இருந்து விண்டோஸ் லேப்டாப்ல லாகின் பண்ணி மவுஸ் வெச்சு வேலை பாக்க முடியுமா?

பதில்: தாராளமா முடியும். மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் சர்வர்ல வேணாம், ரிமோட் சாஃப்ட்வேர் ஸ்கிரீனை மெமரிலயே உருவாக்கி நெட்வொர்க்ல அனுப்பிடும். முதல்ல எக்ஸ்எஃப்சிஇ மாதிரி லேசான டெஸ்க்டாப் ஒண்ணு போடுங்க, க்னோம்ங்கிற பெரிய டெஸ்க்டாப் பக்கம் போகாதீங்க, ரேம் தின்னுடும். அப்புறம் எக்ஸ்ஆர்டிபிங்கிற ரிமோட் சாஃப்ட்வேரை சர்வர்ல இன்ஸ்டால் பண்ணா 3389 போர்ட்ல (நெட்வொர்க் வாசல் எண்) உங்க கனெக்‌ஷனுக்காக காத்துக்கிட்டு இருக்கும், விண்டோஸ்லயே இருக்கிற ரிமோட் டெஸ்க்டாப் போதும், தனியா எதுவும் வேணாம். விஎன்சின்னு இன்னொரு ரிமோட் ஸ்கிரீன் முறையும் இருக்கு, ஆனா அதோட பழைய பாஸ்வேர்ட் முறை முதல் 8 எழுத்தைத்தான் பாக்கும், அதனால எனக்கு அது பிடிக்காது.

லாகின் ஆனதும் வெறும் கறுப்பா நின்னா பயப்படாதீங்க, எல்லாரும் ஒருதடவை மாட்டுற இடம் அது, பெரும்பாலும் எந்த டெஸ்க்டாப்பைத் தொடங்கணும்னு எக்ஸ்ஆர்டிபிக்குத் தெரியாம இருக்கும், உங்க ஹோம் ஃபோல்டர்ல புள்ளியில ஆரம்பிக்கிற எக்ஸ்செஷன் ஃபைல்ல டெஸ்க்டாப்பைத் தொடங்குற கமாண்டை ஒரே வரியா எழுதிட்டு திரும்ப லாகின் பண்ணுங்க.

முக்கியமா, 3389ஐ இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து விடாதீங்க சாமி! பாஸ்வேர்டை ஊகிக்கிற தானியங்கி புரோகிராமுங்க (பாட்) வந்து மொய்ச்சிடும். ஃபயர்வால்ல மூடிட்டு எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது பூட்டின பாதுகாப்பான பாதை வழியா மட்டும் வாங்க.

டெஸ்க்டாப் போட்டதுக்கப்புறம் சர்வர் தானா கிராஃபிக்ஸ்ல பூட் ஆனா, லினக்ஸ் பூட் ஆகுறதைப் பாத்துக்கிற சிஸ்டம்டில டீஃபால்ட்டை மறுபடி மல்ட்டி யூசர் டார்கெட்டுக்கு (கிராஃபிக்ஸ் இல்லாத கமாண்ட் லைன் பூட்) மாத்திடுங்க, ரிமோட் லாகின் அப்பவும் வேலை செய்யும்.