நஞ்சையில் சோலார்: யூனிட் விலையில் எதையெல்லாம் சேர்ப்பது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் 5 ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு எடுத்து 1 மெகாவாட் சோலார் போட யோசிக்கிறது. கம்பெனி தந்த கொட்டேஷனில் சுற்றுச்சூழல் செலவு என்று ஒரு வரிகூட இல்லை. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

பதில்: முதலில், அந்த 5 ஏக்கரில் இழக்கப்போகும் நெல்லை ரூபாயாக்கிப் பாருங்கள். 1 மெகாவாட்டில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் கிடைக்கும். குறுவை, தாளடி இரண்டு போகம், போகத்துக்கு ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 என்று வைத்தால் 5 ஏக்கருக்கு 300 மூட்டை. குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் நாலரை லட்சம். யூனிட்டுக்கு 30 பைசா. உரம், மருந்துச் செலவை வேண்டுமானால் கழியுங்கள், கூலியைக் கழிக்காதீர்கள். நடவுக் கூலி மிராசுதாருக்குச் செலவு, ஊருக்கு வருமானம்.

எதிர்ப்பக்கம், அதே 15 லட்சம் யூனிட்டை அனல்மின் நிலையத்தில் எடுக்கச் சுமார் 1,000 டன் நிலக்கரி எரிய வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மேட்டூரிலோ எண்ணூரிலோ யார் தலையிலாவது விழும். ஆகவே 30 பைசாவுக்காகச் சோலாரை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான செலவு வடிகாலில் இருக்கிறது. கிராவல் அடித்து மேடாக்கித்தான் பேனல் வைப்போம் என்று கம்பெனி கேட்கும். நம் ஊரில் தண்ணீர் வயலுக்கு வயல் இறங்கிக் கிழக்கே வடிகிறது. ஐப்பசி அடைமழையில் உங்கள் மேடு குறுக்கே நின்றால் மேலண்டை வயல்களின் தண்ணீர் எங்கே போகும்? அப்போதுதான் நட்ட தாளடி சில நாள் மூழ்கிக் கிடந்தாலே அழுகிவிடும். 20 ஏக்கரில் ஒரு போகம் போனால் 9 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு மட்டும் யூனிட்டுக்கு 60 பைசா. உங்கள் சொந்த நெல்லைப் போல இரண்டு மடங்கு, அதுவும் அடுத்தவர் பையிலிருந்து! எந்தக் கொட்டேஷனிலும் இது வராது.

காவிரி டெல்டாவுக்கான 2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. சோலார் மேட்டைத் தடுக்காது. எனவே குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்: மண் நிரப்பக் கூடாது, தூண் மட்டும்தான், புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) உள்ள கன்னி வாய்க்காலும் (வயலுக்குத் தண்ணீர் விடும் சிறு வாய்க்கால்) வடிகாலும் அப்படியே இருக்க வேண்டும், வெள்ளம் தேங்கினால் இழப்பீடு யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். தூண்கள் எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிடப்பட்டவை என்றும் கேளுங்கள். 2018 கஜா புயலைப் பார்த்த மாவட்டம் இது.

அப்புறம், வயலைத் தொடும் முன் கூரையை எண்ணுங்கள். 100 சதுர அடிக்கு 1 கிலோவாட் என்றால், 10,000 சதுர அடி கிடங்குக் கூரையில் 100 கிலோவாட் வரும். ஒரு போகமும் போகாது. பக்கத்தில் உமி எரிக்கும் அரிசி ஆலை இருந்தால் மட்டும் கவனம்: புகைபோக்கிக் கரி இரவுப் பனியில் பேனலில் அப்பிக்கொள்ளும், மழை வந்தாலும் முழுதாகப் போகாது. கழுவும் ஆள்கூலியையும் யூனிட் விலையில் போடுங்கள்.