விழப்போகும் பல்லுக்கு லேசர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், அதுவும் கடைசிப் பல்லில், சொத்தை ஆழமாக இறங்கியிருக்கிறது. இனிப்பு தின்னும்போது மட்டும் சுருக்கென்று வலிக்கிறது என்கிறாள். தருமபுரியில் பார்த்த மருத்துவர், பற்கூழின் மேல்பகுதியை எடுத்துவிட்டு லேசர் கொண்டு ஆற்றிவிடலாம் என்கிறார். "விழப்போகிற பல்தானே, பிடுங்கிவிடு" என்கிறார் மாமியார். என்ன செய்வது? மூத்த மகனின் முன்பற்களில் இருக்கும் பழுப்புக் கறையும் லேசரில் போகுமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் மாமியார் சொல்வது முன்பல்லுக்கு ஓரளவு பொருந்தலாம், இந்தப் பல்லுக்குப் பொருந்தாது. இது விழ இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஆறு வயதையொட்டி இதன் பின்னாலேயே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். இப்போதே பிடுங்கிவிட்டால் அந்தப் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியில் வளரும் பல்லின் இடத்தை அடைத்துவிடும்.

பற்கூழ் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்திசு. (மாங்கூழ் ஆலைகள் நிறைந்த நம் பக்கத்தில் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.) சொத்தை எட்டிய மேல்பகுதியை மட்டும் நீக்கி, வேர்களுக்குள் இருக்கும் கூழை உயிரோடு காப்பதே மருத்துவர் சொல்லும் சிகிச்சை. மீந்த கூழின் வெட்டுமுகத்தில் முன்பு பெரும்பாலும் ஃபார்மோகிரிசால் என்னும் மருந்தை வைத்தார்கள். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியபின், மாற்றுவழிகளில் நாட்டம் கூடியது; அவற்றுள் எம்.டி.ஏ. என்னும் பற்சிமெண்டும் ஒன்று, லேசரும் ஒன்று. லேசர் ஒளி இரத்தக்கசிவை உறையவைக்கும், அங்குள்ள கிருமிகளைக் குறைக்கும்.

ஆனால் லேசருக்கு முந்திய ஐந்து நிமிடங்களையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மேல்கூழை நீக்கியதும் ஈரப் பஞ்சை வைத்து மெல்ல அழுத்துவோம். அதற்குள் இரத்தம் நின்றால் வேர்க்கூழ் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். கருஞ்சிவப்பாக வழிந்துகொண்டே இருந்தால் அழற்சி வேருக்குள்ளும் இறங்கிவிட்டது என்று பொருள்; அப்போது லேசரைக் கொண்டு இரத்தத்தை உறையவைப்பது நோயை மறைப்பதாகவே முடியும். உங்கள் மகளுக்கு இனிப்பு பட்டால் மட்டுமே வலி என்பது நல்ல அறிகுறி. இரவில் தானாக வலித்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் தெரிந்தாலோ இந்தச் சிகிச்சை உதவாது. எப்படியானாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

உரிய கண்ணாடியைக் குழந்தைக்கும் அணிவித்துச் செய்தால் லேசரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மரத்துப்போகும் ஊசி மட்டும் கட்டாயம் உண்டு. "ஊசியே கிடையாது" என்று குழந்தையிடம் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். லேசர் இல்லையென்றாலும் குறையில்லை, எம்.டி.ஏ. வைத்தால் போதும். மேலே ஸ்டீல் கேப் போடுவதைத் தவிர்க்க வேண்டாம். எச்சில் கசிந்து புகுந்தால் உள்ளே எது வைத்திருந்தாலும் வீணாகும்.

மகனின் கறை, நம் மாவட்டத்தில் பலருக்கும் இருப்பதுபோல, எனாமல் உருவாகும் வயதில் குடித்த நீரின் ஃபுளோரைடால் வந்திருக்கலாம். இந்த லேசருக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டில் குடிக்கவும் சமைக்கவும், குழாயில் வரும் காவிரி நீரான ஒகேனக்கல் குடிநீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.