மாவு கலக்கிய கையோடு பீர் பக்கம் போகாதீர்கள்

முதல்முறை பீர் காய்ச்சுவது பற்றி வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தேன். பாதி கடல் தாண்டியிருக்கும் பிள்ளைகள் அனுப்பியவை. மீதி, பிள்ளைகள் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று கவலைப்படும் பெற்றோர் அனுப்பியவை. சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம்.

அண்ணாச்சி, விற்கப் போவதில்லை. நாங்கள் மூன்று நண்பர்கள் குடிக்க மட்டும் வீட்டிலேயே பீர் வடிக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

கூடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்பதற்கா, சொந்தத் தேவைக்கா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பனை ஏறி இறக்கும் கள்ளுக்கே 1987 முதல் தடை இருக்கும் ஊர் இது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978இல் வந்த சட்டத்தின்படி, வயது வந்தவர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், ஏறத்தாழ 757 லிட்டர் வரை அனுமதி. சவூதியிலும் குவைத்திலும் இருக்கும் நம் பிள்ளைகள் இந்த நினைப்பையே விட்டுவிடுவது நல்லது. கீழே வரும் பதில்கள் அனுமதியுள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று: பீரை யாரும் வடிப்பதில்லை. வடிப்பது சாராயம். பீரைக் காய்ச்சி, ஆறவைத்து, நொதிக்க விடுகிறோம், அவ்வளவுதான்.

மகனைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தேன். அவன் பீருக்கு ஏதோ காய்ச்சி ஆறவைத்திருந்தான். உதவியாக இருக்கட்டும் என்று கரண்டியை எடுத்துக் கலக்கப் போனேன். சமையலறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டான். அப்படி நான் என்ன தவறு செய்தேன்? (சுரண்டை)

அம்மா, அவன் சொன்ன விதம் தவறு, சொன்ன விஷயம் சரி. அன்று காலையில் நீங்கள் இட்லிக்கு மாவு கலக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இட்லி மாவில் நாம் ஈஸ்ட் எதையும் போடுவதில்லை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களே மாவைப் பொங்கவைத்துப் புளிக்கவும் வைக்கின்றன. கையால் கலக்கினால் நன்றாகப் பொங்கும் என்று கைராசி பார்ப்போம். வெதுவெதுப்பான மூலையில் வைப்போம், மூடியை இறுக்க மாட்டோம். நம் வீட்டில் எதைப் புளிக்கவைத்தாலும் வழக்கம் இதுதான்.

பீருக்கு இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கரைசலைக் கொதிக்கவைத்ததும் அதிலிருந்த கிருமிகள் மடிந்துவிடுகின்றன. ஆறிய பிறகு அது காவலாளி இல்லாத பலகாரக் கடை. நாம் போடும் ஈஸ்ட் பெருகி இடம்பிடிக்க அரை நாளோ ஒரு நாளோ ஆகும். அதற்குள் யார் முதலில் உள்ளே போகிறார்களோ அவர்கள் ராஜ்யம். உங்கள் கரண்டியிலிருந்து இட்லி மாவின் ஆட்கள் இறங்கியிருந்தால் பீர் புளித்திருக்கும். குடித்தவருக்கு ஒன்றும் ஆகாது. பெர்லினிலும் பெல்ஜியத்திலும் புளிப்பு பீரை வேண்டுமென்றே செய்கிறார்கள். உங்கள் மகன் கேட்டது அதுவல்ல.

இதையே மகனுக்கும் சொல்கிறேன். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் கிருமிநீக்கி. பிசுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநீக்கி வேலை செய்யாது. அலசத் தேவையில்லாத அமில வகைக் கிருமிநீக்கி பீர் சாமான் கடைகளில் கிடைக்கும். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், கீறல் விழுந்தால் அதற்குள் குடியிருப்பவர்களை வெளியேற்ற முடியாது. கொதித்து இறங்கிய பிறகு கரைசலைத் தொடும் கரண்டி, குழாய், மூடி, விரல் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு.

ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி அடைப்பானில்) ஒரு குமிழிகூட வரவில்லை. மூடியைத் திறந்து பார்க்கலாமா? (பாளையங்கோட்டை, இப்போது லீட்ஸ்)

திறக்காதீர்கள். அம்மா மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்த பழக்கம் இங்கேயும் வருகிறது.

குமிழி வராவிட்டால் நொதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. மூடி சரியாகப் பொருந்தாமல் வாயு ஓரமாகக் கசிந்து போகலாம். ஈஸ்ட் வேலையைத் தொடங்க மூன்று நாள் வரைகூட எடுத்துக்கொள்ளும். அறை 14 டிகிரியில் இருந்தால் ஏல் என்னும் பீர் வகைக்கான ஈஸ்ட் பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். வாளியை 18 முதல் 20 டிகிரி இருக்கும் அறைக்கு மாற்றுங்கள். கரைசல் ஆறுவதற்குள் அவசரப்பட்டு, 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஈஸ்டைத் தூவியிருந்தால் அது செத்திருக்கவும் கூடும். அப்படியானால் புதுப் பொட்டலம் ஒன்று போடுங்கள்.

நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை, அதாவது கரைசலின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியை. சர்க்கரை தீரத் தீர அதன் எண் இறங்கும். தொடக்கத்தில் 1.045 காட்டியது 1.010 பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாள் அதே எண்ணில் நின்றால் முடிந்தது என்று பொருள். அளப்பதற்குக் குழாய் வழியே கொஞ்சம் எடுங்கள். எடுத்ததைத் திரும்ப வாளியில் ஊற்றாமல் குடித்துவிடுங்கள்.

ஹாப்ஸ் விலை அதிகம். கசப்புதானே வேண்டும், வேப்பங்கொழுந்து போட்டால் என்ன? (கடையநல்லூர்)

போடாதீர்கள். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ, கசப்புக்கு மட்டும் வந்த ஆளல்ல. ஒரு மணி நேரம் கொதிக்கும்போது அதன் அமிலங்கள் உருமாறிக் கரைசலில் கலக்கின்றன. கசப்பைத் தருவது அவைதான், மேலே சொன்ன லாக்டிக் கூட்டத்தை அடக்கி வைப்பதும் அவைதான். பவேரியாவில் 1516இல் வந்த சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர் என்பது அன்று யாருக்கும் தெரியாது. வேப்பங்கொழுந்தை அரைத்து வயிற்றுக்குக் கொடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பீரில் போடலாமா? (திசையன்விளை, இப்போது மெல்பர்ன்)

எனக்குப் பிடித்த கேள்வி. போடலாம், கறுத்த பீருக்குப் பொருத்தமாக இருக்கும். 20 லிட்டருக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். தனியே கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். வடிகட்டாமல் போட்டால் மணலும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். பதநீர் கள்ளாக மாறாமலிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்புதான் அது. நொதிப்பைத் தடுக்க நம்மவர்கள் பூசிய சுண்ணாம்பை வடிகட்டிவிட்டு நொதிக்க வைக்கப் போகிறீர்கள், பனையேறிகள் கேட்டால் சிரிப்பார்கள்.

இனிப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். கருப்பட்டியின் அடிமணமும் நிறமும் மிஞ்சும், பீர் சற்று வறண்டும் இருக்கும். போதையும் கொஞ்சம் ஏறும், விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்.

பாட்டிலில் அடைக்கும்போது எவ்வளவு சர்க்கரை? (தென்காசி, இப்போது பர்மிங்காம்)

லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120. மிஞ்சிய ஈஸ்ட் இதைத் தின்றுதான் பாட்டிலுக்குள் வாயு ஏற்றும். கண்ணளவு கூடாது, தராசில் நிறுங்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, மொத்த பீரிலும் கலந்துவிட்டு அடையுங்கள்.

இங்கிலாந்தில் நான் செய்த முதல் தொகுதியில், நொதிப்பு முடிவதற்குள் அடைத்துவிட்டேன். கரண்டிக் கணக்கில் சர்க்கரை வேறு. நள்ளிரவில் படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக எட்டு பாட்டில்கள் வெடித்தன. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஊரில் சோடாக் கடைக்காரர் கோலி சோடாவை இரும்புக் கூண்டுக்குள் வைத்துச் சுற்றியதன் காரணம் அன்றுதான் எனக்கு உறைத்தது. லண்டனில் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற அந்தக் கோலிப் புட்டி அத்தனை தடிமனாக இருப்பதும் அதனால்தான்.

ஒயின் பாட்டில் வேண்டவே வேண்டாம். தடித்த பீர் பாட்டில்களே போதும். கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் அடைத்து வையுங்கள். அது கல்லாக இறுகினால் மற்றவற்றிலும் வாயு ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

இஞ்சி பீரில் போதை இல்லைதானே? ஊரிலேயே செய்யலாமா? (களக்காடு)

நொதிக்கவைத்துச் செய்வதில் போதை வரும். சித்திரை வெயிலில் ஒரே நாளில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. நொதிக்க விடாமல் செய்யுங்கள். 100 கிராம் இஞ்சியை நசுக்கி, 200 கிராம் சர்க்கரையோடு அரை லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆறியதும் இரண்டு எலுமிச்சை பிழிந்து குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். தம்ளரில் முதலில் சாறு, பிறகு நான்கு பங்கு சோடா. சோடாவை ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பாதி மேசைக்குத்தான் போகும்.