கியாரா என்றால் வெளிச்சமா, கருப்பா?

வணக்கம் சார்,

மகள் பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. எனக்கும் கணவருக்கும் 'கியாரா' என்ற பெயர் பிடித்துப்போனது. பொருள் தேடினால் ஒரு தளம் 'ஒளி மிக்கவள்' என்கிறது. இன்னொன்று 'கருங்கூந்தலாள்' என்கிறது. மூன்றாவது, 'சமஸ்கிருதப் பெயர், தூய்மையானவள்' என்று சத்தியம் செய்கிறது. "அர்த்தம் தெரியாத பேரை எப்படிம்மா வைக்கிறது?" என்று கேட்கிறார் மாமியார். எது சரி? இந்தப் பட்டியல்களை நம்பலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வாழ்த்துகள். முதல் இரண்டும் சரிதான். மூன்றாவதை விட்டுவிடுங்கள், ஊர்பேர் தெரியாத பெயரைக் கண்டால் சமஸ்கிருதம் என்று முத்திரை குத்துவது அந்தத் தளங்களின் பழக்கம்.

நீங்கள் பார்த்தது ஒரு பெயரை அல்ல, இரண்டு பெயர்களை. இத்தாலியில் கியாரா என்பது லத்தீன் 'கிளாரா'வின் வாரிசு: தெளிவு, ஒளி. அசிசி நகரத்துப் புனித கிளாரா, இத்தாலியர்கள் வாயில் கியாராதான். அயர்லாந்துப் பெயரோ கருமையைக் குறிக்கும் 'கியார்' என்ற ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. அங்கே 'கீரா' என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். கடல் தாண்டிய பிறகு கியாராவோடு கலந்துவிட்டது.

கருமை என்றதும் மாமியார் முகம் மாறினால், கிருஷ்ணன் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டுப்பாருங்கள். சியாமளாவும் காளியும் அதே நிறம்தான். அரபியில் லைலா என்றால் இரவு. மெலனி, கிரேக்க மொழியிலிருந்து வந்த கருப்பி.

ஒலிக்கென்று தனியாகப் பொருள் கிடையாது. எந்த மொழி என்று சொன்ன பிறகுதான் பொருளைக் கேட்கவே முடியும். சமீர் சமஸ்கிருதத்தில் காற்று. அரபியில், இரவில் கூட உட்கார்ந்து கதை பேசும் தோழன். (எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.) பட்டியல்கள் மொழியை உதறிவிட்டுப் பொருளை மட்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொள்கின்றன.

வனெஸ்ஸாவைத் தேடிப்பாருங்கள். 'கிரேக்கம், வண்ணத்துப்பூச்சி' என்று போட்டிருக்கும். உண்மையில் அது எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் தன் தோழிக்காகக் கட்டிய செல்லப்பெயர். அவள் குடும்பப்பெயர் வானோம்ரி; அதிலிருந்து 'வான்'. அவள் பெயர் எஸ்தர். அதைச் சுருக்கி 'எஸ்ஸா'. அவ்வளவுதான் வனெஸ்ஸா. அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 1807இல்தான் ஃபெப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். பட்டியல்காரர்கள் பேத்தியைப் பாட்டியாக்கிவிட்டார்கள்.

ஒரு பெயர் மொழி மாறும்போது பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலியை விட்டுவிடுவதும் உண்டு. லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். தமிழில் அவர் சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குள் கடவுளின் அருள் இருக்கிறது. அவர் அருளப்பர் ஆனார். சேவியர் மட்டும் ஒலியோடு வந்து சவேரியாராக நின்றுவிட்டார். அது முதலில் ஊர்ப்பெயர், பாஸ்க் மொழியில் 'புது வீடு'. எத்தனை சவேரியார்களுக்கு இது தெரியுமோ!

அகராதிப் பொருளுக்காக ரொம்பவும் மெனக்கெட வேண்டாம். சிசிலியாவின் லத்தீன் வேர் பார்வையின்மையைக் குறிப்பது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு புனிதர் இருந்தார், இசைக்கலைஞர்களின் காவலராகக் கொண்டாடப்பட்டார். இன்று சிசிலியா என்றால் இசைதான் நினைவுக்கு வருகிறது.

சரி, உங்கள் விஷயம். கியாரா நல்ல பெயர், தாராளமாக வையுங்கள். ஆனால் இத்தாலியா, அயர்லாந்தா என்று நீங்கள் இருவரும் முதலில் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். மாமியாரிடம் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி மாட்டிக்கொண்டால் என்னால் காப்பாற்ற முடியாது.