எந்தச் சட்டப்படி?

கேள்வி: அதிகாரி அடையாள அட்டையைக் கேட்டால் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? எதற்கெடுத்தாலும் ‘உரிமை பறிபோகிறது’ என்று நீங்கள் எழுதுவது மிகையாகத் தெரியவில்லையா?

பதில்: தெரியவில்லை. உங்கள் மடியைத் தடவிப் பார்க்கும் அதிகாரத்தை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், எப்போது திரும்பப் பெறுவார்கள் என்பதுதான் என் கவலை. உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை.

அடையாள அட்டையை நீங்களே எடுத்ததால் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். 1939-இல் போர் மூண்டதும் அங்கே எல்லோருக்கும் அட்டை கொடுத்தார்கள். படைக்கு ஆள் எடுக்க வேண்டும், ரேஷன் வழங்க வேண்டும், நாட்டைக் காக்க வேண்டும். நியாயமான காரணங்கள்தான், மக்களும் ஏற்றுக்கொண்டார்கள். 1945-இல் போர் முடிந்தது, அட்டை முடியவில்லை. யாரை எதற்காக நிறுத்தினாலும் அட்டையைக் கேட்பது காவலர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 1950 டிசம்பரில் வடக்கு லண்டனில் காரில் போன கிளாரன்ஸ் வில்காக்கையும் அப்படித்தான் நிறுத்திக் கேட்டார்கள். அவர் காட்ட மறுத்தார். மறைக்க எதுவும் இருந்ததால் அல்ல. தான் ஒரு லிபரல் கட்சிக்காரன், இப்படிப்பட்ட நடைமுறையை எதிர்ப்பவன் என்றார். வழக்கு ஏழு நீதிபதிகள் முன் போனது. போர்க்காலச் சட்டம் இன்னும் உயிரோடு இருந்ததால் 1951-இல் அவர் தோற்றார். ஆனாலும் தலைமை நீதிபதி கோடார்ட், ஒரு காரியத்துக்காகக் கொண்டுவந்த சட்டத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் சட்டத்தை மதிப்பவர்களே அதை மீறுபவர்களாகிவிடுவார்கள் என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டையை ஒழித்தார்கள். அந்த வழக்கு கிளப்பிய எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். உங்களைப் போலவே எல்லோரும் ‘காட்டினால் என்ன’ என்று போயிருந்தால் அது இன்னும் எத்தனை காலம் நீடித்திருக்குமோ!

எல்லா நாட்டுக்கும் அந்த நல்ல முடிவு வாய்க்கவில்லை. இலங்கையில் 1979-இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982-இல் நிரந்தரமாக்கினார்கள். காவலில் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமானது. எத்தனையோ தமிழ் இளைஞர்களின் வாழ்க்கை விசாரணைச் சிறையிலேயே கழிந்தது. 2009-இல் போர் முடிந்த பிறகும் சட்டம் போகவில்லை. எகிப்தில் அதிபர் சதாத் கொலையை அடுத்து 1981-இல் வந்த அவசரநிலை 2012 வரை நீடித்தது. அதற்குள் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நம் உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. 2021-இலும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிவதை அறிந்து நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். இல்லாத சட்டத்தின் பெயரால் வழக்கில் சிக்கியவர்களின் மடியிலும் கனம் இல்லை.

‘எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள்?’ என்று வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அதிகாரியிடம் கேட்டால், நேரமாகிறது என்று தயவுசெய்து அவரை அவசரப்படுத்தாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல அந்த அதிகாரி கடமைப்பட்டவர். பதில் வரும்வரை நீங்களும் கூட நில்லுங்கள்.